பெரியப்பாவின் கல் பெட்டிக்குப் பெயர் வைத்த கதை

பெரியப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகும் அங்கேயே லைன் வீட்டில்தான் இருந்தார், இப்போதுதான் பெங்களூருக்கு, அல்சூரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்கு வந்திருக்கிறார். சாமான்களோடு ஒரு தகரப் பெட்டி நிறையக் கல்லும் வந்தது. அண்ணன் அதை மொட்டை மாடியில் போட்டுவிடப் பார்த்தான். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீயாவது எடுத்துக்கிட்டுப் போ, ஒவ்வொண்ணும் என்னன்னு கேட்டுச் சொல்லு" என்றார். அப்படித்தான் இந்த வேலை என் கைக்கு வந்தது. கல்லையோ புதைபடிவத்தையோ வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் செல்பேசிச் செயலிகளில் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரே கல்லைக் காயவைத்து எடுத்தால் ஒரு பெயர், நனைத்து எடுத்தால் வேறு பெயர். மூடி வைத்துவிட்டேன். அப்புறம் தெரிந்த ஒருவர் மூலமாக, ஒரு கல்லூரியில் நிலவியல் (ஜியாலஜி) சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மேடம் ஒருவருக்குப் படங்கள் அனுப்பினேன். அவர் படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எங்கே எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் அதே கேள்வி.

அதனால் மாலை வேளைகளில் பெரியப்பாவோடு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கல்லின் ஓரத்தில் ஒயிட்னரால் ஒரு பொட்டு, அதன் மேல் எண், நோட்டில் அதே எண்ணுக்கு நேராக ஊர், இடம், தரையில் கிடந்ததா பாறையிலிருந்து பெயர்த்ததா என்ற விவரம். மனிதருக்கு நினைவு அபாரம். "இது உரிகம் பக்கம் கழிவு மேட்டுல கிடந்தது, இது உங்க பெரியம்மா ஊர்ல கோயிலுக்குப் போனப்ப எடுத்தது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியம்மாவுக்கு அரியலூர் பக்கம். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வழியில் குனிந்து எதையாவது பொறுக்காமல் இவர் வந்ததில்லையாம்.

இடத்தை ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பது எழுதி முடித்து நோட்டை அனுப்பிய பிறகுதான் விளங்கியது. பெங்களூர் நிற்பது நைஸ் என்ற பட்டைப் பாறையின் மேல். லால்பாகில் கெம்பேகவுடா கோபுரம் இருக்கும் மேடு அதுதான், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழசு. சிப்பி, மீன், இலை எல்லாம் பூமியில் வருவதற்கு எவ்வளவோ முந்தியது, போதாததற்கு ஆழத்தில் வெந்து உருமாறியது. கோலார் பாறையும் அந்த வயதை ஒட்டியதே. ஆக இந்தப் பக்கத்துப் பாறையில் ஒரு சங்கோ இலையோ தெரிகிறது என்றால், அது வேறு ஏதோ, அல்லது கல் வெளியூரிலிருந்து வந்தது. இந்த ஒரு தகவலே பாதிப் பெயர்களை அடித்துப் போட்டுவிடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் கீழ் வீட்டு அக்கா கொண்டுவந்த கல். வெளிறிய மணல்கல் துண்டு, அதில் கறுப்பாகப் பெரணி இலை மாதிரி அவ்வளவு அழகான கிளை. பக்கத்தில் கட்டும் அடுக்குமாடிக் கட்டட வாசலில் கிடந்ததாம். மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது மாங்கனீசு என்றார். பாறையின் வெடிப்பில் ஊறிய நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு இப்படிக் கிளை கிளையாகப் படியும், டெண்ட்ரைட் என்று பெயர். இலையென்றால் நடு நரம்பு இருக்கும், காம்பு இருக்கும், ஓர் அளவுக்கு மேல் பிரியாது. இதுவோ வெடிப்பின் ஓரத்திலிருந்து கிளம்பி, போன இடமெல்லாம் பிரிந்துகொண்டே போகிறது. ராஜஸ்தானிலிருந்து தரைக்குப் போட வரும் இந்த மணல்கல்லைக் கடைகளில் ஃபாசில், அதாவது புதைபடிவம், என்றே பெயர் வைத்து விற்கிறார்கள், அக்கா அப்படி நினைத்ததில் வியப்பே இல்லை. கல் இப்போதும் அவர் ஷோகேஸில்தான் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான்.

தங்கவயல் கற்களுக்கு வீட்டிலேயே செய்த சோதனைகள் நிறைய உதவின. மினுமினுக்கும் மஞ்சள் கட்டி ஒன்று இருந்தது, சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத் தங்கம் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும் தலையாட்டினார். "தங்கம் அப்படிக் கண்ணைப் பறிக்காதும்மா, ஒரு டன் வெள்ளைக் கல்லை அரைச்சா சில கிராம் கிடைக்கும், அவ்வளவுதான்" என்றார். குளியலறை டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்தேன், பச்சை கலந்த கறுப்புக் கோடு விழுந்தது. தங்கமென்றால் கோடும் தங்க நிறத்தில்தான் விழும். ஊசியால் அழுத்தினால் தங்கம் பள்ளமாகும், இது பொடியாக உதிர்ந்தது. பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது அடர்த்தி பார்க்கும் முறை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் கல்லை எடை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. ஒரு கறுப்புக் கல் 312 கிராம் இருந்தது, தண்ணீரில் 104 காட்டியது, ஆக 3. வெள்ளைக் குவார்ட்ஸ் 2.65-ஐ ஒட்டி வரும், பைரைட் 5-ஐ ஒட்டி. எண்ணை அனுப்பியதும் மேடத்தின் கேள்விகளே மாறிவிட்டன, அதன் பிறகு என்னோடு ஒரு மாணவியிடம் பேசுவது மாதிரி பேசினார்.

அந்தக் கறுப்புக் கல்லைத்தான் அவர் தன் பழைய துறைக்குக் கொண்டுபோய் சீவிப் பார்த்தார். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால் கல் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்: பச்சையும் பழுப்புமாக ஹார்ன்பிளண்ட் என்ற கனிமத்தின் படிகங்கள், மேடையைத் திருப்பத் திருப்ப நிறம் மாறின. ஆம்ஃபிபொலைட், ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பாக வழிந்து பின்னால் உருமாறியது. பெரியப்பா வருடக்கணக்காக மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை துளைத்துக்கொண்டு போன பாறை இதுதான் என்று சொன்னபோது, அவர் கல்லை வாங்கித் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

அரியலூர்க் கற்கள் தனி உலகம். அங்கே பாறை கடலடியில் படிந்தது, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலம். கல்லங்குறிச்சியில் எடுத்த தடித்த, வளைந்த ஓடுகள் கிரைஃபியா என்ற சிப்பி, ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக் கல்லில் இது அடுக்கடுக்காக இருக்கிறது. காரைப் பக்கத்துச் செம்மண் ஓடையில் எடுத்த துப்பாக்கித் தோட்டா மாதிரியான கற்கள் பெலம்னைட், கணவாயின் தூரத்து உறவு. அங்கேயே எடுத்த சுருள் கல்லை எல்லாரும் நத்தை என்றார்கள். நத்தையா, அம்மோனைட்டா (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிர்) என்று பார்க்க உள்ளே அறைச் சுவர்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும், நத்தை ஓட்டில் அறை கிடையாது. இதில் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் பாசிக் கிளை போல நெளிந்த கோடுகள் தெரிந்தன. இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸுக்கும் அறை உண்டு, ஆனால் அந்தக் கோடு எளிய வளைவாக இருக்கும். ஆக அம்மோனைட்தான், சுமார் 10 கோடி ஆண்டு.

பெட்டியில் முட்டை மாதிரி ஓர் உருண்டையும் இருந்தது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று ஊரே திரண்ட செய்தி நினைவிருக்கும், அவை வண்டல் இறுகி உருண்ட கற்கள் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். பெரியப்பாவுடையதும் அதே வகை. உண்மையான முட்டைக்கு ஓடு இருக்கும், லென்ஸில் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். இதன் உடைந்த பக்கத்தில் ஓடே இல்லை, ஒரே வண்டல். அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் முட்டைக் கூடுகள் கிடைத்ததாக 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகக் குழு அறிவித்தது உண்டு, அதனால் பெரியப்பாவின் ஆசையில் தப்பில்லை.

புதைபடிவத்தைச் சுத்தம் செய்ய பல் துலக்கும் பிரஷும் தண்ணீரும் போதும். கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள், ஓடு சுண்ணாம்புதான், கல்லோடு சேர்ந்து அதுவும் கரைந்துவிடும். யாருக்காவது படம் அனுப்புவதாக இருந்தால் வெயிலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, காய்ந்தபடி ஒன்று, நனைத்து ஒன்று, சாதாரணக் கல்லென்றால் புதிதாக உடைந்த பக்கம் ஒன்று எடுங்கள். வெளித்தோல் வெயில் மழையில் நிறம் மாறி ஏமாற்றும். திருவக்கரை கல்மரப் பூங்கா மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. மற்ற இடத்தில் எடுத்தாலும், குனிவதற்கு முன் கல் கிடக்கும் இடத்தைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரை அங்கேயே எழுதிவிடுங்கள். பெரியப்பாவுக்கு இடம் நினைவில் இல்லாத சில கற்களுக்கு மேடமும் என்ன செய்வதென்று தெரியாமல் நிறத்தையும் அடர்த்தியையும் மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்.