காலை 8 மணி இரத்தம்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

ஏப்ரல் 8, 2024, திங்கள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு டெசிலிட்டருக்கு 241 நானோகிராம். பெரும்பாலான மருத்துவர்கள் 300 என்ற அளவைக் குறைவுக்கான எல்லைக்கோடாகக் கொள்கிறார்கள் என்பதைப் படித்திருந்ததால், தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் காட்டாமல் மாலைவரை சுற்றித் திரிந்தேன். சர்க்கரை நோய்க்கு என்னைப் பார்க்கும் மருத்துவரம்மாதான், ஆறு மாதமாகத் தீராத அசதியையும், சொல்லக் கூசிக்கொண்டே நான் சொன்ன மற்றொன்றையும் கேட்டுவிட்டு இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார்.

தாளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பது. மணலி கன்டெய்னர் யார்டில் இரவுப் பணி முடித்து, பகலில் அரைகுறையாகத் தூங்கி எழுந்து, பரோட்டா சாப்பிட்டுவிட்டு மாலை 4 மணிக்குக் கொடுத்தேன் என்றேன். எடுத்தவர்கள் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இந்த ஹார்மோன் தூக்கத்தின்போது ஏறி, விழிக்கும் வேளையில் உச்சத்தில் இருக்கும். பகல் சாயச் சாய இறங்கும். சாப்பிட்ட பிறகும் சிறிது நேரம் தாழ்ந்திருக்கும். எனவே பகல் பணி வாரம் ஒன்று முடிந்தபின், நன்றாகத் தூங்கி எழுந்து, வெறும் வயிற்றில் காலை 8 மணிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். குறைவு என்று முடிவுகட்ட இப்படி இரண்டு தனித்தனிக் காலைகளின் இரத்தம் வேண்டுமாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஒரு வார இடைவெளியில் இரண்டு காலைகள்: 284, 291. மாலைக் கணக்கைவிட மேல், ஆனாலும் கோட்டுக்குக் கீழ். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் எல்.எச். என்ற ஏவல் ஹார்மோனையும், அதே சுரப்பியின் மற்றொரு ஹார்மோனான புரோலாக்டினையும் சேர்த்துப் பார்த்ததில் அவை இரண்டும் சரியாகவே இருந்தன. அப்படியானால் பழி என் வயிற்றின்மேல்தான் விழுகிறது. எடை 92 கிலோ, இடுப்பு 106 செ.மீ.

வயிற்றுக் கொழுப்பு வெறும் சுமையன்று, அதுவும் வேலை செய்யும் திசு என்று மருத்துவர் விளக்கினார். அதிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலினுக்கு உடல் மந்தமாகப் பதிலளிக்கும்போது, இரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதமும் குறைந்து, மொத்த அளவு தாழ்கிறது. ஊசி உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் வெளியிலிருந்து வருவதைக் கண்டதும் பிட்யூட்டரி ஏவுவதை நிறுத்திவிடும், விரை தன் உற்பத்தியையும் விந்தணு உற்பத்தியையும் சுருக்கிக்கொள்ளும், ஆகவே முதலில் தட்டைச் சரிசெய்யுங்கள் என்றார். மூன்று மாதத் தவணை கிடைத்திருக்கிறது.

இரவு, மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "இதைச் சொல்லவா மூணு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மே 5, ஞாயிறு

தட்டைச் சரிசெய்வது என்றால் எங்கள் வீட்டில் சோற்றைக் குறைப்பது என்று பொருள். இதுவரை மலைபோல் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் கண்துடைப்புக்கு ஒரு கரண்டிப் பொரியல் என்றிருந்தது. இப்போது பொரியலும் சுண்டலும் பாதித்தட்டை அடைத்துக்கொள்ள, முட்டையோ மீனோ கால்தட்டைப் பிடிக்க, மீதிக் காலில் சோறு ஒடுங்கிக் கிடக்கிறது. முதல் வாரம் பசித்தது. பசியைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இரவுப் பணியில் குடிக்கும் ஐந்து டீயையும் சர்க்கரை இல்லாத இரண்டாகக் குறைத்திருக்கிறேன். தோசையைக் கைவிடுவதைவிட இது கடினமாக இருக்கிறது.

துத்தநாகம் பற்றி இன்று நிறையப் படித்தேன். உடலில் துத்தநாகம் உண்மையிலேயே குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோனும் குறையும். குறையை நிரப்பினால் மீளும். ஆனால் போதிய அளவு இருப்பவர் மேலும் மேலும் விழுங்குவதால் ஏறுவதில்லை. நாள்தோறும் அதிகமாக மாத்திரை போட்டால் உடலில் தாமிரம் குறைந்துவிடும் ஆபத்தும் உண்டு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை கூறுகிறது. நம் அளவு மேல்நாட்டு அளவைவிட உயர்ந்திருப்பதற்கு நம் உணவே காரணம். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைக் குடலில் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், புளிக்கவைத்தாலும் அந்தக் கட்டு தளர்கிறது. மாவைப் புளிக்கவிடாமல் சோடா போட்டு அவசரத்தில் வார்க்கும் கடை இட்லியை இனி வாங்குவதில்லை என்று மனைவி முடிவெடுத்துவிட்டாள், நான் மறுக்கவில்லை. ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைவிட்டுக்கொண்டிருக்கிறது.

மே 12, ஞாயிறு

கறிக்கடையில் கால் கிலோ ஆட்டுக்கறி கேட்டேன். என் முகத்தில் எதைப் படித்தாரோ, கடைக்கார பாய் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஆட்டு விதை இருக்கு, மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுங்க, ரெண்டு வாரத்துல ஆளே மாறிடுவீங்க" என்றார். வாங்கிவிட்டேன். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். 1889இல் பிரௌன் செக்கார் என்ற பெயர்பெற்ற உடலியங்கியல் அறிஞர், தமது 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்குத் தாமே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாகப் பாரிஸில் அறிவித்தார். அது மனமயக்கமே என்று பின்னர் விளங்கியது. ஏனெனில் டெஸ்டோஸ்டிரோன் நீரில் அநேகமாகக் கரையாது, விரையும் அதைச் சேமித்து வைப்பதில்லை, செய்தவுடன் இரத்தத்தில் விட்டுவிடுகிறது. 1935இல் எர்ன்ஸ்ட் லாக்கரின் ஆம்ஸ்டர்டாம் குழுவினர் அதைத் தனியே பிரித்தபோது, ஏறக்குறைய 100 கிலோ காளை விரையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம்தான். அப்படியே வயிற்றுக்குள் போனாலும், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று பெரும்பகுதி சிதைந்துவிடும். என் தட்டிலிருந்தது நல்ல புரதம், அவ்வளவுதான். பாயிடம் இதைச் சொல்லப்போவதில்லை. கறியை நன்றாக வெட்டிக் கொடுக்கிறார்.

ஜூன் 2, ஞாயிறு

மைத்துனர் வீட்டு விசேஷம், வியாசர்பாடி. பிரியாணி இரண்டு தட்டு, பீர் மூன்று. மதுவை அளவுக்கு மீறித் தொடர்ந்து குடிப்பது விரையையே நேராகத் தாக்கும் என்பது தெரிந்தும். எடை 88.5 கிலோ.

ஜூன் 16, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்தது. 61 நாள்களாக நாட்டுப்படகு கொண்டுவந்ததை வஞ்சிர விலைக்கு விற்றுவந்த காசிமேட்டில் இன்று கால்வைக்க இடமில்லை. கானாங்கத்தை ஒரு கிலோ வாங்கினேன். கொழுப்பு மீன் என்று பயந்தவன்தான் நான். டெஸ்டோஸ்டிரோனின் மூலப்பொருளே கொலஸ்டிரால் என்பதையும், கொழுப்பை அடியோடு ஒதுக்கும் உணவில் இதன் அளவு சற்றுத் தாழ்வதாகச் சில ஆய்வுகள் காட்டுவதையும் படித்த பிறகு, முட்டையின் மஞ்சள் கருவையும் நல்லெண்ணெயையும் வேர்க்கடலையையும் அளவாகத் திரும்ப அழைத்துக்கொண்டேன். அதற்காக வெண்ணெயை அள்ளித் தின்றால் ஹார்மோன் பொங்கிவிடாது. தனக்கு வேண்டிய கொலஸ்டிராலை உடலே செய்துகொள்ளும்.

துத்தநாகம் மிகச்செறிந்த உணவு ஆளி என்னும் சிப்பி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எண்ணூர்க் கழிமுகம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த அந்த நீரை ஆளி வடிகட்டியே வாழ்கிறது, நீரிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் தன் சதையில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே எடுத்த ஆளியை நான் தொடமாட்டேன். கறியும், எள்ளும், பூசணி விதையும் எனக்குப் போதும்.

ஜூலை 6, சனி

அண்ணன் மகனுக்கு 22 வயது, குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறான். 'டெஸ்ட் பூஸ்டர்' என்று எழுதிய டப்பாவை 3,200 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். நெருஞ்சில், வெந்தயம், அமுக்கரா என்று பின்புறத்தில் இருந்தது. "சித்தப்பா, எல்லாம் மூலிகைதானே?" என்றான். அமுக்கராவில் சிறு அளவிலான சில ஆய்வுகள் ஓரளவு ஏற்றத்தைக் காட்டியிருக்கின்றன. கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. நெருஞ்சில் மனிதரில் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துவதற்குத் தெளிவான சான்று இல்லை. அவன் வயதில், அவன் உழைப்பில், அவனுக்குக் குறைவிருக்கக் காரணமே இல்லை. நள்ளிரவு 2 மணிவரை கைப்பேசியும், எடைப்பிரிவுக்காகப் பட்டினியும்தான் அவன் கெடுதல்கள். ஒரு வாரம் ஐந்து மணிநேரமே தூங்கிய இளைஞர்களுக்குப் பகல் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இதைச் சொன்னதும் அவன் என்னைக் கிழவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். டப்பா அவன் அலமாரியிலேயே இருக்கிறது.

ஜூலை 31, புதன்

எடை 84 கிலோ, இடுப்பு 97. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.1இலிருந்து 6.9க்கு வந்திருக்கிறது. காலை 8 மணி இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 372. நாளுக்கு நாள் தானாகவே ஏறி இறங்கும் எண் இது, ஆகையால் வித்தியாசம் முழுவதையும் முளைப்பயறின் கணக்கில் எழுத வேண்டாம் என்று மருத்துவர் சிரித்தார். மாதம் இரண்டு வாரம் இருந்த இரவுப் பணியை ஒன்றாகக் குறைத்துக் கேட்டு வாங்கியதும் இதில் சேரும். அசதி பெருமளவு போயிருக்கிறது. மற்றொன்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மனைவியும் இதைப் படிக்கிறாள்.

பிற்பகலில் யார்டில், என்னைவிட மூத்த ஓட்டுநர் ஒருவர் கேட்டருகே என்னை ஓரமாக அழைத்து, தன் நண்பர் ஒருவருக்கு இப்படி ஒரு பிரச்சினை, எங்கே லேகியம் வாங்குவது என்று கேட்டார். நண்பரின் வயிற்றளவை விசாரித்தேன். தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பழைய கேட் பாஸ் ஒன்றின் பின்புறத்தில் 'காலை 8 மணி, வெறும் வயிறு, நன்றாகத் தூங்கிய பிறகு, இரண்டு முறை' என்று எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து, உரிமம் வைக்கும் உறைக்குள் வைத்துக்கொண்டு வண்டியேறினார்.