அரச சின்னத்தைச் சுரண்டிய பெட்டி

பழைய தோல் சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே வந்த பெட்டிகளில் என்னை அதிகம் படுத்தியது ஒரு பிரெஞ்சுப் பயணப் பெட்டி. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே மரம், மேலே சிவப்பு மொரோக்கோ ஆட்டுத்தோல், விளிம்பெல்லாம் பித்தளை ஆணி, மழைத்தண்ணீர் வழிந்தோட வளைந்த மூடி. தோல் முழுக்கப் பிரெஞ்சு அரச குடும்பத்தின் அடையாளமான தங்க லில்லிப் பூக்கள்.

இது ராஜா வீட்டுப் பெட்டிதானா என்பதுதான் உரிமையாளரின் ஒரே கேள்வி. மூடியின் நடுவே சின்னம் இருந்த இடத்தை யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். 1792இல் பிரான்சில் முடியாட்சி விழுந்த பிறகு இப்படிச் சுரண்டுவது சகஜம். வெர்சாய் அரண்மனைச் சாமான்களே 1793, 94இல் ஏலத்தில் போயின.

விளக்கைத் தோலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். பள்ளங்களின் நிழலில் பக்கம் பக்கமாக இரண்டு கேடயங்கள் தெரிந்தன. அப்படியென்றால் மணமான பெண்ணின் சின்னம்: ஒன்று கணவர் வீட்டுடையது, மற்றது பிறந்த வீட்டுடையது. ஒன்றில் லில்லியோடு டால்ஃபினின் வாலும் தெரிந்தது. மன்னரின் கேடயத்தில் மூன்று லில்லி மட்டும்தான். டால்ஃபின் வந்தால் பட்டத்து இளவரசர். அடுத்து, போலியா என்று பார்க்க லென்ஸ். பின்னாளில் அடித்த முத்திரையாக இருந்தால் தங்கம் பழைய வெடிப்புகளுக்குள்ளும் இறங்கியிருக்கும். இதிலோ வெடிப்பு தங்கக் கோட்டை உடைத்துக்கொண்டு போயிருந்தது. முத்திரை முதலில், வெடிப்பு அப்புறம்.

பின்னாளில் பிரான்சின் ராணியான மரி அந்துவானெத் 1770 முதல் 1774 வரை பட்டத்து இளவரசரின் மனைவி. உரிமையாளருக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த நூற்றாண்டில் அந்த இடத்தில் இருந்தவர் அவர் மட்டுமல்ல. பிறந்த வீட்டைச் சொல்லும் இரண்டாவது கேடயம் சுத்தமாகப் போயிருந்தது. பெயரை எழுத மறுத்துவிட்டேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

சரி, சின்னத்தையாவது புதிதாகப் பதித்துத் தாருங்கள் என்றார். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, தங்க ரேக்கை வைத்து, சூடான பித்தளை அச்சால் அழுத்துவதுதான் அந்தக் காலத்து முறை. புதுத் தோல் தாங்குகிற சூட்டைக் கிழத்தோல் தாங்காது, சுருங்கிவிடும். தாங்கினாலும் நான் செய்யமாட்டேன். அந்தச் சுரண்டலும் பெட்டியின் வரலாறுதானே?

உண்மையான வேலை பக்கவாட்டில் இருந்தது. நிலக்கரிப் புகையின் கந்தகம் ஏறி, தொட்டால் விரலில் சிவப்புத் தூள் ஒட்டியது. உதிரும் தோலை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராக்சிபுரொப்பில் செல்லுலோஸ் என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்து, மென்தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். அதற்கு முன் ஒரு மூலையில், தங்கம் பெயர்கிறதா என்று சோதித்துக்கொண்டேன். எண்ணெய் போடலாமே என்று பலரும் சொல்வார்கள். போட்டால் தோல் கறுக்கும், தூசி அப்பும், பிறகு எடுக்கவும் முடியாது.

திருப்பிக் கொடுக்கும்போது சொன்னவை: வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கணப்படுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்றார். அதற்கு மட்டும் கொஞ்சம் சத்தமாகவே முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.