கீழ வயல் கிரகம்

காலையில் திரையை எட்டிப் பார்த்த அப்பா, "இது நம்ம கீழ வயல்தானேடா?" என்றார்.

மாட்டிக்கொண்டேன்.

மேட்டூர் திறக்குமுன், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வயலைக் கைபேசியில் எடுத்திருந்தேன். போட்டோஷாப்பில் அதை உருண்டையாக வளைத்து, செம்மண் நிறம் ஏற்றி, ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் இருட்டு. கிரகம் தயார்.

ஆனால் பார்க்கக் குண்டு பல்பு மாதிரி இருந்தது.

காற்றுமண்டலம் என்று சுற்றிப் போட்டிருந்த நீல ஒளிதான் தப்பு. 40 பிக்சல் தடிமனுக்கு இழுத்து வைத்திருந்தேன். பூமியின் விட்டம் சுமார் 12,742 கி.மீ. விண்வெளி தொடங்குவதாகப் பொதுவாகச் சொல்வது 100 கி.மீ. உயரத்தில். 1,000 பிக்சல் உருண்டையில் அது 8 பிக்சல்கூட வராது. மழைமேகமெல்லாம் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடக்கம்!

குறைத்தேன். அப்புறம் ஆசையாகத் தூவிய நட்சத்திரங்களையும் அழித்தேன். 1972-ல் அப்போலோ 17 எடுத்த முழுப் பூமிப் படத்தில் ஒன்றுகூடக் கிடையாது, வெறும் கறுப்பு.

குறுவை, சம்பா, ஐப்பசி அடைமழை, அப்பா கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்க்கிற வானம், எல்லாம் அந்த ஒன்றிரண்டு பிக்சலில்தான்.

அவர் இன்னும் வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இந்தக் கிரகத்துக்கு எப்ப தண்ணி திறப்பாங்க?"