அன்இன்ஸ்டால் செய்த பிறகு: குடியாத்தம் கடைக் குறிப்புகள்

மே 5, 2025, திங்கள்

குடியாத்தத்தில் ஒரு டிடிபி கடை. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அடுத்தடுத்து முகூர்த்தம் என்று நோட்டீஸும் பத்திரிகையும் குவிந்து கிடக்கிற நேரத்தில் டிசைன் மிஷின் மக்கர் செய்கிறது. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர வெகுநேரமாகிறது. வந்ததும், ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பை (மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்பு) காணோம் என்று நடுத்திரையில் ஒரு பெட்டி. ஓகே கொடுத்தால் போய்விடும். அடுத்த முறை ஆன் செய்தால் மறுபடி வரும்.

"வேண்டாததை எல்லாம் எடுத்துட்டேன் தம்பி, அப்புறமும் இப்படித்தான்" என்றார் கடைக்கார அண்ணன். கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் அவர் சொன்னபடி பட்டியல் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல், விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதிவைக்கிற ரெஜிஸ்ட்ரியில் 'அன்இன்ஸ்டால்' என்ற கிளையில் இருப்பதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கழற்றுகிற வேலை பெரும்பாலும் அந்தந்த மென்பொருளோடு வந்த அன்இன்ஸ்டாலருடையது. அதை எழுதியவருக்கு எவ்வளவு அக்கறையோ அவ்வளவு போகும், மிச்சம் கிடக்கும்.

கை வைப்பதற்கு முன், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயிண்ட் போட்டேன். விண்டோஸ் 10இல் பல மிஷின்களில் இந்த வசதி அணைந்தே கிடக்கும், இதிலும் அப்படித்தான். முதலில் சிஸ்டம் புரொடெக்‌ஷனை ஆன் செய்ய வேண்டியிருந்தது.

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். ஃபேன் காற்றே அடுப்பு வாசலில் நிற்கிற மாதிரி அடிக்கிறது.

இன்று ஆட்டோரன்ஸ். சிஸ்இன்டர்னல்ஸ்காரர்கள் எழுதியது, 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. கருவி இன்றும் இலவசம். மிஷின் எழும்போது தானாகக் கிளம்புகிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். ரெஜிஸ்ட்ரியின் ரன் கீ, பின்னணியில் ஓடுகிற சர்வீஸ், டிரைவர், குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்புகிற டாஸ்க் ஷெட்யூலர் எல்லாமே அடக்கம். மஞ்சள் நிறத்தில் வருகிற வரிதான் எனக்கு வேண்டியது: பதிவு இருக்கிறது, அது சுட்டுகிற கோப்பு இல்லை என்று பொருள்.

அந்தப் பெட்டிக்குக் காரணம் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்தது. எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் அப்டேட் வேலை. மென்பொருள் போய்விட்டது, லாகின் ஆகும்போதெல்லாம் அதைக் கூப்பிடு என்ற கட்டளை போகவில்லை. உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். பெட்டி வரவில்லை. அப்புறம்தான் அழித்தேன்.

அதே பிரிண்டரின் சர்வீஸ் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, அட்மின் கமாண்ட் பிராம்ட்டில் 'எஸ்சி டெலீட்' கொடுத்து சர்வீஸின் பெயரைப் போட வேண்டும். பட்டியலில் தெரிகிற அழகான பெயர் ஆகாது. பிராப்பர்ட்டீஸில் 'சர்வீஸ் நேம்' என்று இருப்பதுதான் உண்மைப் பெயர். சர்வீசஸ் ஜன்னலை மூடிவிட்டுச் செய்வது நல்லது. திறந்திருந்தால், அழிப்பதற்குக் குறித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அது அப்படியே நிற்கும்.

மே 8, வியாழன்

தாமதத்துக்கு முழுக் காரணம் இன்று பிடிபட்டது. மிஷினோடு சேர்ந்து வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸை அண்ணன் எடுத்திருக்கிறார். அதன் ஃபில்டர் டிரைவர் போகவில்லை. 'எஃப்எல்டிஎம்சி' என்று அடித்தால் கோப்பு ஒவ்வொன்றும் திறக்கும்போது நடுவில் நிற்கிற டிரைவர்களின் பெயர் வரும். அதில் இதுவும் இருந்தது. விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரும், வேறொரு காவல்காரன் இருக்கிறான் என்று நினைத்து ஒதுங்கியே இருந்திருக்கிறது. ஆக, இத்தனை நாளும் காவலே இல்லை.

இந்த வகையைக் கையால் பிடுங்கவே கூடாது. டிரைவர் கோப்பை மட்டும் அழித்து, அதைத் தேடுகிற பதிவு ரெஜிஸ்ட்ரியில் மிச்சமிருந்தால் வேறு வம்பு வரும். சிடி எழுதும் மென்பொருளைக் கழற்றியதும் டிவிடி டிரைவே காணாமல் போன கதை அந்தக் காலத்தில் நிறைய; 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகள் தங்கிவிடுவதுதான் காரணம். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் இதற்கென்றே தனி ரிமூவல் டூல் தருகின்றன. அதை இறக்கி, அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் ஓட்டினேன். டிரைவர் போனது, டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது.

மே 9, வெள்ளி

அண்ணனின் அக்கா மகன் காலேஜ் லீவில் வந்து உட்கார்ந்திருக்கிறான். "ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒண்ணு போட்டா ஒரே கிளிக்ல முடிஞ்சிடுமே அண்ணா" என்றான். போட்டால், நூற்றுக்கணக்கில் பிழை என்று சிவப்பில் காட்டும், பயமாகத்தான் இருக்கும். அந்தப் பதிவுகள் சும்மா கிடப்பவை. ரெஜிஸ்ட்ரி கிளை கிளையாகப் பிரிந்த மரம். மென்பொருள்கள் வேண்டிய கிளைக்குப் பாதை பிடித்துப் போகுமே தவிர, எல்லா இலையையும் எண்ணிக்கொண்டு போவதில்லை. அதனால் அவற்றை அழித்து வேகம் வராது. இந்த கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதுதான் என் வேலை.

இருந்தாலும் ஒரு இடத்தில் ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டியிருந்தது. பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளைக் கழற்றியும் அதன் கீபோர்டு மொழிப் பட்டியலில் ஆவியாகத் தங்கிவிட்டது. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தி மாறும்போதெல்லாம் நடுவில் வந்து நிற்கும், எதையும் அடிக்காது. செட்டிங்ஸில் எடுக்கலாம் என்றால் அங்கே அது தெரியவே இல்லை. கரண்ட் யூசர் கிளையில் 'கீபோர்டு லேஅவுட்', அதற்குள் 'ப்ரீலோட்'. 1, 2, 3 என்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்துக் குறி. 409 என்று முடிவது அமெரிக்க ஆங்கிலம், 449 என்று முடிவது தமிழ். 449இல் முடிகிறவை இரண்டு இருந்தன. முன்னால் வெறும் சுழியங்களோடு இருப்பது விண்டோஸின் சொந்தத் தமிழ். அந்தக் கிளையை ரெக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, மற்றதை அழித்து, வரிசை எண்ணைச் சரிசெய்தேன். லாக் அவுட், லாகின். ஆவி போயிற்று.

"அப்போ அந்தப் பழைய ஃபான்ட்டையும் தூக்கிடலாமே தம்பி?" என்று அண்ணன் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் வருஷக்கணக்கில் செய்த பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த ஃபான்ட்களில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்தின் இடத்தில். ஃபான்ட் போனால் 'திருமண அழைப்பிதழ்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். தமிழுக்குத் தனி இடம் தருகிற யூனிகோடும் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. ஃபான்ட் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன்.

மே 12, திங்கள்

மிச்சம் ஃபோல்டர்கள். புரோகிராம் ஃபைல்ஸில் காலியான கூடுகள், அழித்தாயிற்று. ரன் பெட்டியில் %ஆப்டேட்டா% என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் ரோமிங் திறக்கும், ஒரு படி மேலே போனால் லோக்கல் இருக்கும். அங்கே பிரிண்டர்காரன் விட்டுப்போன லாக் (நடந்ததைக் குறித்துவைக்கிற கோப்பு) மட்டுமே கொஞ்சநஞ்சமில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருப்பதைப் பையன் கண்டுபிடித்து, ஜிபி கணக்கில் இருக்கிறதே என்றான். அதைத் தொடக்கூடாது. இப்போது இருக்கிற மென்பொருளைப் பின்னால் அப்டேட் செய்யவும் கழற்றவும் அந்தக் கோப்புகள்தான் வேண்டும்.

புரோகிராம் டேட்டாவில் பழைய பில்லிங் மென்பொருளின் ஃபோல்டர் ஒன்று. மென்பொருள் போய்விட்டது, பில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிரைவில் நகல் எடுத்து, ஆடிட்டரைக் கேட்காமல் அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். வெள்ளியன்று எடுத்து வைத்த ரெக் கோப்பும் அந்த டிரைவிலேயே இருக்கிறது. ஒரு மாதம் தகராறு வராவிட்டால் ரெக் கோப்பை மட்டும் அழித்துக்கொள்ளலாம்.

அண்ணன் பில்லிங் மிஷினையும் பார்த்துவிடச் சொல்கிறார். அதில் ஆட்டோரன்ஸை ஓட்டினேன், மஞ்சள் வரியே இல்லை. அதற்குக் காசு வாங்கவில்லை.