எங்கள் வீட்டு ஏழு மாமரம்: கண்ணைக் கட்டித் தின்று பார்த்ததில் தெரிந்தது

மாம்பழக் காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை கட்டாயம் உண்டு. ஆயாவுக்கு மல்கோவாதான் பழம், மற்றதெல்லாம் மாட்டுக்குப் போடுவது. மனைவி இமாம்பசந்த் கட்சி. மகள் கிளிமூக்கைக் காயாகவே கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்கிற ஆள். அது பழக் கணக்கில் வராது என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். நான் வெளியில் சொல்வதில்லை, ஆனால் எனக்கு நீலம். இந்த வருஷம் ஏழு மரமும் ஒன்றாகக் காய்த்துவிட்டது, இப்படி எப்போதாவதுதான் அமையும், அதனால் ஒரு நோட்டுப் போட்டு முறையாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடம் சேலம் பக்கம், ஏற்காட்டு அடிவாரம். வீட்டுக்குப் பின்னால் நாற்பது சென்ட். மல்கோவாவும் நாட்டு மரமும் தாத்தா காலத்தவை. செந்தூரா, இமாம்பசந்த், கிளிமூக்கு, நீலம் நான்கும் பதினாலு வருஷத்துக்கு முன் நான் வைத்த ஒட்டுக்கன்றுகள். கடைசியாக வந்தது மல்லிகா. நீலத்துக்கும் வடநாட்டு தஷேரிக்கும் பிறந்த கலப்பு ரகம். இந்த வருஷம்தான் முதன்முறையாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி காய்த்தது, எண்ணிப் பார்த்தால் பதினோரு காய்.

கூடவே 1,200 ரூபாய்க்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர் வாங்கினேன். குட்டி டெலஸ்கோப் மாதிரி இருக்கும். கண்ணாடியில் இரண்டு சொட்டு சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே நீல நிறமும் வெள்ளையும் பிரிகிற கோடு ஓர் எண்ணில் நிற்கும். பதினெட்டு என்றால் நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய பதினெட்டு கிராம் கரைந்திருக்கிறது, அதில் பெரும்பங்கு சர்க்கரை. முதல் நாள் சதையை அப்படியே அப்பிவிட்டு, கோடு ஏன் மங்கலாக இருக்கிறது என்று மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்து சொட்டு விட்ட பிறகுதான் சரியாகத் தெரிந்தது. இன்னொன்று, ஒரே பழத்தில் தோலை ஒட்டிய சதை ஓர் எண், கொட்டையை ஒட்டிய சதை ஓர் எண் காட்டும். மாம்பழம் உள்ளிருந்து வெளியே பழுப்பதுதான் காரணம். அதனால் எப்போதும் கன்னத்தின் நடுவிலிருந்துதான் எடுத்தேன்.

ஏப்ரல் 26

செந்தூரா முதல் பறிப்பு. காயின் தோள் காம்பைத் தாண்டி மேடாகிவிட்டால் விளைந்த காய் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஆசை கண்ணை மறைக்கும், அதனால் வாளித் தண்ணீரில் போட்டும் பார்த்தேன். விளைந்தது மூழ்கும், விளையாதது மிதக்கும். இருபதில் ஆறு மிதந்தன, அதாவது நான் அவசரப்பட்டிருக்கிறேன். அந்த ஆறும் ஊறுகாய்க்குப் போயிற்று.

காம்பை ஒரு விரற்கடை விட்டு நறுக்கி, கவிழ்த்து வைத்துப் பால் வடிய விட்டேன். பால் தோலில் ஓடினால் அந்தத் தடம் கருத்துவிடும், உதட்டில் பட்டாலும் புண்ணாகும். அப்புறம் வைக்கோலில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கினேன்.

ஐந்தாம் நாள் அறுத்தோம். பிரிக்ஸ் 17. தோளில் குங்குமம் தேய்த்த மாதிரி சிவப்பு, லேசான புளிப்பு, நார் கம்மி. நன்றாகத்தான் இருந்தது. ஏழாம் நாள் அதே கூடையிலிருந்து அறுத்த பழம் கொட்டை பக்கம் குழகுழவென்று ஆகி, இனிப்பு இருந்தும் ருசி இல்லாமல் போயிருந்தது. மீட்டர் 18 காட்டுகிறது, வாய் வேண்டாம் என்கிறது. நோட்டில் ‘செந்தூரா: 2 நாள்தான் அவகாசம்’ என்று எழுதிவைத்தேன். அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

மே 14

இங்கேதான் சொதப்பினேன். செந்தூரா ஏப்ரல் கடைசியில் வருகிறது, நீலம் ஜூலையில் வருகிறது, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி? மூளை வேலை செய்து, விளைந்த செந்தூராக் காய் பத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன், ஜூனில் எடுத்துப் பழுக்கப் போடலாம் என்று. மூன்று வாரம் கழித்து எடுத்தால் தோலில் சாம்பல் நிறத்தில் குழிகுழியாகத் திட்டு, வைக்கோலில் போட்டும் ஒழுங்காகப் பழுக்கவில்லை, சதை ரப்பர் மாதிரி, வாசனை கிடையாது. மாங்காய்க்குக் குளிர் ஆகாது. ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே போனால் பழுக்கிற வேலையே கெட்டுவிடும். ஃப்ரிட்ஜுக்குள் நாலைந்து டிகிரிதான். பழுத்து முடிந்த பழத்தை ஓரிரு நாள் வைக்கலாம், காயை வைக்கக் கூடாது. பத்தையும் குழிதோண்டிப் புதைத்தேன். ‘ஏங்க, இதுக்குத்தான் மீட்டர் வாங்குனீங்களா’ என்று ஒரு கேள்வி வந்தது, பதில் சொல்லவில்லை.

மே 24

இமாம்பசந்த். ஆந்திரத்தில் ஹிமாயத் என்பார்கள், ஒரே ரகம்தான். பழுத்தாலும் பச்சை முழுசாகப் போகாது, தோல் காகிதம் மாதிரி மெல்லிசு, கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்திப் பார்த்தால்கூட அந்த இடம் கன்றிவிடும். தொரட்டி வலையில் இரண்டிரண்டு காயாக விழுந்து இடித்துக்கொண்டதில் நான்கு பழம் போச்சு. கடையில் இது ஏன் அந்த விலை என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

ஆறாம் நாள் 20.5. துளிகூட நார் இல்லை, கரண்டியால் வழித்துத் தின்னலாம். இனிப்புக்குப் பின்னால் இளந்தேங்காய் மாதிரி ஒரு மணம் வருகிறது, அதோடு எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு கீற்று. மனைவி வெற்றி பெற்ற பார்வை பார்த்தாள். நானும் மனசுக்குள் நீலத்தைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்தேன்.

ஜூன் 16

பெரிய நாள். இமாம்பசந்தில் கடைசிப் பறிப்பு, மல்கோவா, கிளிமூக்கு, நாட்டு மரம் நான்கும் ஒரே நேரத்தில் கையில். இது போதாது என்று ரோட்டோரக் கடையில் ஒரு மல்கோவாவும் வாங்கி வந்தேன், வீட்டுப் பழத்துக்கும் கடைப் பழத்துக்கும் வித்தியாசம் பார்க்க.

ஆளுக்கு ஒரு துண்டால் கண்ணைக் கட்டினேன். தட்டில் ஒரே அளவுத் துண்டுகள், தோலை நீக்கி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பிடி பொரியும் ஒரு மிடறு தண்ணீரும். முந்தின பழத்தின் வாசனை நாக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கும், பொரி அதைத் துடைத்துவிடுகிறது. நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆயா முதல் துண்டை வாயில் போட்டு மென்றார். ‘கிளிமூக்கு கண்ணு. பழுக்காத கிளிமூக்காட்டம் இருக்குது.’

அது மல்கோவா. தாத்தா வைத்த மரம், ஆயா தன் கையால் தண்ணீர் ஊற்றிய மரம். கட்டை அவிழ்த்துச் சொன்னபோது அவர் நம்பவில்லை, நான் தட்டை மாற்றிவிட்டேன் என்றார். மீட்டரில் 15.5. பறித்து எட்டு நாள். மேலே மஞ்சள் ஏறியிருந்தது, விரலுக்குக் கொஞ்சம் இளகியது, ஆனால் காம்படியில் மூக்கை வைத்தால் வாசனை ஒன்றும் இல்லை. உள்ளே அறுத்துப் பார்த்தால் கொட்டையைச் சுற்றி நல்ல மஞ்சள், தோல் பக்கம் வெளுப்பு. செங்காய்ப் பதத்தில் அறுத்துவிட்டேன்.

கடை மல்கோவாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோல் தங்க நிறம், உள்ளே வெள்ளைச் சதை, பல் கூசும் புளிப்பு, 11. கார்பைடு கல் வைத்தார்களா, பிஞ்சில் பறித்தார்களா, இரண்டுமா, யார் கண்டது. வெம்பல் என்று ஆயா ஒரே வார்த்தையில் முடித்தார்.

கிளிமூக்கு 14. நல்ல நிறம், உறுதியான சதை, கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகள் லாரி லாரியாக வாங்குவது இதைத்தான், ஆனால் மேஜையில் வைத்துத் தின்றால் சப்பென்றுதான் இருக்கிறது. மகள் சொல்வது சரி, அதைக் காயாகத் தின்பதே நியாயம்.

ஆச்சரியம் நாட்டு மரம். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிய பழம், நார் பல்லிடுக்கில் மாட்டும், துண்டு போடவே வராது, உருட்டி இளக்கி முனையைக் கடித்து உறிஞ்ச வேண்டியது. மீட்டரில் 16தான். ஆனால் கண்ணைக் கட்டியிருந்த மூன்று பேரும் இமாம்பசந்துக்கு அடுத்த இடத்தை இதற்குக் கொடுத்தார்கள். காரணம் புளிப்பு என்று நினைக்கிறேன். மீட்டருக்குப் புளிப்பும் தெரியாது, வாசனையும் தெரியாது. கொஞ்சம் புளிப்பு இருந்தால்தான் இனிப்பு எழுந்து நிற்கிறது. அந்தப் பிசின் கலந்த வாசனை இமாம்பசந்திடம் கிடையாது, அது வேறு சாதி.

ஜூன் 20

அதே பறிப்பில் மிச்சமிருந்த மல்கோவாவைப் பன்னிரண்டாம் நாள் அறுத்தேன். அறையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. காம்படி லேசாகச் சுருங்கி, கையில் கனமாக, இரண்டு உள்ளங்கை நிறையும் உருண்டைப் பழம். தடித்த தோல், ஆனால் கத்தி இறங்கியதும் உள்ளே வெண்ணெய். 19. இமாம்பசந்தைவிட ஒன்றரை குறைவு, ஆனால் வாயில் நிற்கும் நேரம் அதிகம், விழுங்கின பிறகும் மணம் தொண்டையில் இருக்கிறது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, கொட்டையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அதாவது பதினாறாம் தேதி நான் மல்கோவாவைத் தின்னவே இல்லை. நான்கு நாள் முன்னாடி இருந்த வேறு ஒரு பொருளைத் தின்றிருக்கிறேன். ஒரே மரம், ஒரே நாள் பறிப்பு, 15.5-க்கும் 19-க்கும் உள்ள தூரம் செந்தூராவுக்கும் இமாம்பசந்துக்கும் உள்ள தூரத்துக்குச் சமம். ரகத்தை ஒப்பிடுகிறேன் என்று கிளம்பி நான் இத்தனை நாள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது நாளைத்தானோ என்று அன்றைக்கு ராத்திரி நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இடையில் ஒரு சங்கதி. மல்கோபா என்ற பெயரில் இந்தியாவிலிருந்து 1889-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு ஒட்டுக்கன்றுகள் போயின. அதன் கொட்டையிலிருந்து 1902-இல் போட்ட கன்று 1910-இல் காய்த்தபோது அதற்கு ஹேடன் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு வெளிநாட்டுக் கடைகளில் சிவப்பாக அடுக்கியிருக்கும் பழங்களில் பல அந்த ஹேடனின் பிள்ளை, பேரன். ஆயாவிடம் சொன்னேன். ‘அங்கயும் எட்டாம் நாளே அறுக்கறாங்களா?’ என்றார்.

ஜூலை 6

நீலம், என் கட்சி. ஏழாம் நாள் 18, பத்தாம் நாளும் 18, பதின்மூன்றாம் நாளும் கிட்டத்தட்ட அதேதான், சதை மட்டும் இன்னும் இளகியது. செந்தூரா மாதிரி அவசரப்படுத்தாது, மல்கோவா மாதிரி காக்க வைக்காது. பூ வாசனை, மிதமான இனிப்பு, வருஷம் தவறாத காய்ப்பு. எனக்கு ஏன் இது பிடித்தது என்பதும் புரிந்தது, என்றைக்கு அறுத்தாலும் ஏமாற்றாத பழம் இது ஒன்றுதான்.

குறை உண்டு. மகள் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தபோது அதன் விளிம்பில் துளை விழுந்து, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு வண்டு சாவகாசமாக வெளியே நடந்து வந்தது. அலறல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். காய் பிஞ்சாக இருக்கும்போதே தோல் மேல் முட்டை வைத்துவிடும், புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும், போன வழி காய் வளர வளர மூடிக்கொள்ளும். அதனால் வெளியே ஓட்டையே தெரியாது. சதைக்கு ஒன்றும் ஆவதில்லை. நீலத்தில் இது சகஜம். உதிர்ந்த காயையும் தின்ற கொட்டையையும் மரத்தடியில் போடாமல் அள்ளி அப்புறப்படுத்தினால் அடுத்த வருஷம் குறையும், நான்தான் செய்வதில்லை.

ஜூலை 13

மல்லிகாவைப் பற்றி இதுவரை எழுதவில்லை, காரணம் வெட்கம். ஜூன் கடைசியில் பறித்து ஆறாம் நாள் அறுத்தபோது 16, ஒரு குணமும் இல்லை, கடினமான ஆரஞ்சுச் சதை. இந்த மரத்தை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்று ஆயா அப்போதே தீர்ப்புச் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் மல்கோவா விஷயத்துக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மிச்சம் நாலு பழத்தை வைக்கோலோடு பரண்மேல் விட்டுவைத்தேன். இன்றைக்குப் பதினாறாம் நாள். தோல் சுருங்கி, பார்த்தால் தூக்கிப்போடுகிற பழம் மாதிரி. அறுத்தால் 22.5. மீட்டர் தப்போ என்று கண்ணாடியைக் கழுவித் துடைத்துத் தண்ணீர் விட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து மறுபடி வைத்தேன், 22.5தான். தேன் மாதிரி அடர்த்தி, நார் இல்லை, நீலத்தின் பூ வாசனை பின்னால் மெல்லிசாக.

மனைவி இமாம்பசந்த்தான் இன்னும் மேல் என்கிறாள், மல்லிகாவில் இனிப்பு ஏறினதே தவிர அந்தத் தேங்காய் மணம் இல்லையாம். அதுவும் சரிதான். ஆனால் இமாம்பசந்தையும் நான் ஆறாம் நாள் ஒரே ஒரு முறைதான் அளந்திருக்கிறேன், ஜூன் பதினாறில் வைத்த கடைசிப் பறிப்பை அளக்க மறந்தேபோனேன். அடுத்த வருஷம் ஒவ்வொரு மரத்திலும் ஒரே நாளில் பன்னிரண்டு காய் பறித்து, நாலாம் நாளிலிருந்து ஒன்றுவிட்ட ஒரு நாள் அறுக்கப் போகிறேன்.

மல்கோவா மட்டும் அதில் இருக்காது போல. மழைக்கு மற்ற மரமெல்லாம் செம்புத் துளிர் விட்டுவிட்டது, அது இன்னும் அப்படியே நிற்கிறது. இந்த வருஷம் இவ்வளவு காய்த்ததற்கு அடுத்த வருஷம் ஓய்வு. ‘அது அப்படித்தான், உன் இஷ்டத்துக்குக் காய்க்குமா’ என்கிறார் ஆயா.