விரித்த கைகள்

சூதாட்ட விடுதியான கேசினோவில், மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் வேலை என்றதும் பலரும் கேட்பது, "நினைத்த எண்ணில் பந்தை விழ வைப்பீர்களாமே?" என்றுதான். அப்படி எதுவும் இல்லை. கேசினோவுக்கு அதற்கான தேவையும் இல்லை. பந்து சுற்றி வந்து விழும் ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒற்றை எண்ணில் கட்டி ஜெயித்தவருக்கு ஒன்றுக்கு 35 தருகிறோம். நாளடைவில், கட்டப்படும் ஒவ்வொரு நூறிலும் சுமார் 2.70 கேசினோவின் பக்கம் தங்கிவிடும். 0-வோடு இரட்டைப் பூஜ்யமும் (00) உள்ள சக்கரத்தில் அது 5.26. இந்தக் கணக்கே போதும்; கள்ளம் எதற்கு?

எங்கள் பாடு வேறு. பந்து 17-இல் விழுகிறது. மேசை விரிப்பில் கட்டம் கட்டமாக உள்ள எண்களில் அந்த எண்ணின் மேல் குறியை வைக்கிறேன். தோற்ற சிப்புகளை, அதாவது பணத்துக்குப் பதிலாகக் கட்டும் வில்லைகளை, வாரி எடுத்த பிறகுதான் பட்டுவாடா. ஒருவர் 17-இன் மேல் ஒன்று, நான்கு பக்கக் கோடுகளிலும் ஒவ்வொன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறார். எண்ணுக்கு 35, கோடுகளுக்கு 17 வீதம் 68, மூலைகளுக்கு 8 வீதம் 32. ஆக 135. எல்லா இடத்திலும் மும்மூன்றாக வைத்திருந்தால் 405. இந்த வாய்ப்பாடு தூக்கத்திலும் வர வேண்டும். ஜெயித்தவர் மட்டுமா, மேசையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பணத்தைக் கையிலிருந்து கைக்கு வாங்கக் கூடாது. மேசையில் வைத்தால்தான் எடுப்போம். நோட்டுகளை விரித்துப் பரப்பி, சிப்புகளை அடுக்கடுக்காகப் பிரித்து, மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்படி எண்ண வேண்டும். மேசையை விட்டு நகரும்போது இரு உள்ளங்கைகளையும் விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். என்னைத் திருடனாக நினைக்கிறார்களே என்று இதற்கு வருத்தப்படும் புதியவர்கள் உண்டு. எனக்கு இதில் பெருமைதான். பறிகொடுத்துவிட்டு எழுந்து போகிறவருக்கு நான் திருப்பித் தர முடிவது எதுவும் இல்லை. ஆனால் தன் கண்முன்னே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்ற நிச்சயமாவது அவருக்குக் கிடைக்க வேண்டும். அதில் நான் குறை வைக்க மாட்டேன்.

முதுகு வலியும் இரவு ஷிப்டும் எல்லா டீலர்களுக்கும் பொது, பழகிவிடும். பழகாதது, மனம் பொறுக்காதது ஒன்று உண்டு. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் முதல் இரண்டு சீட்டிலேயே கூட்டுத்தொகை 21 வந்தால் 2-க்கு 3 தருவது பழைய வழக்கம். சில மேசைகளில் 5-க்கு 6-தான். பத்து கட்டியவருக்கு 15 கிடைக்க வேண்டிய இடத்தில் 12 கிடைக்கும். விரிப்பிலேயே அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து உட்காரும் முன் படியுங்கள்.

கொடுத்த தொகையில் சந்தேகம் வந்தால் அடுத்த சுற்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். மேசையில் எதையும் தொடாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவோம். தேவைப்பட்டால் கேமராப் பதிவைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.