தோலுக்கும் ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும்

அமெரிக்கக் கச்சேரிச் சுற்று என்றாலே ஊரில் நயாகரா பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் போல் மிருதங்கம் வாசிக்கிற பக்கவாத்தியக்காரன் அங்கே போய் அதிகம் பார்ப்பது ஹைவேயும் யாரோ ஒருவர் வீட்டு மாடி அறையும்தான். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை என்ற கர்நாடக இசை விழா 1978-லிருந்து நடக்கிறது, வசந்தகாலத்தில் போகிற பல குழுக்கள் அதை வைத்துத்தான் மற்ற ஊர்களைக் கோர்த்துக்கொள்கின்றன. சனி ஓர் ஊர், ஞாயிறு வேறு ஊர், நடுவில் கார். வார நாட்களில் ரசிகர்களுக்கு ஆபீஸ், அதனால் நமக்குக் கச்சேரி கிடையாது. கலைஞர்களுக்கான பி-3 விசாவில் போயிருப்பதால் மனுவில் காட்டிய நிகழ்ச்சிகளைத் தவிர வேறு வேலை பார்க்கவும் முடியாது.

சரி, சும்மாதானே இருக்கிறோம் என்றால் அதுவும் இல்லை. மிருதங்கம் சும்மா இருக்க விடாது. ஹூஸ்டனில் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும், நாலு நாள் கழித்து டென்வரில் இறங்கினால் காற்றில் ஈரமே இல்லாமல் தோல் இறுகி சுருதி மேலே போய் நிற்கும். குளிர் விடாத ஊர்களில் வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்க்கக் கல்லும் புள்ளுமாக (புள் என்பது மரத்துண்டு) தட்டிக்கொண்டிருப்பேன், அந்த நேரத்தில்தான் மைக்காரர் வந்து “கொஞ்சம் வாசிங்க சார்” என்பார்.

ஒரே மிருதங்கத்தோடு போகவும் முடியாது. கட்டை என்பது சுருதியின் அளவு; ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 கட்டைப் பக்கம், பெண்கள் 5 கட்டைப் பக்கம், இரண்டுக்கும் ஒன்றே வராது. குழுவின் பாடகர் ஒருவரே என்றாலும் போகிற ஊரில் “நாளைக்கு இந்தப் பொண்ணுக்கும் வாசிச்சுடுங்களேன்” என்பார்கள். விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கில் பலா மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போவதால், என் வேட்டி சட்டை எல்லாம் மிருதங்கத்தைச் சுற்றி அடைத்த பஞ்சு மாதிரிதான் பயணம் செய்யும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் பூசும் ரவைக்கு மட்டும் கவலையில்லை, எந்த ஊர் இந்தியன் ஸ்டோரிலும் கிடைக்கும்.

வலது பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை விண்டுவிட்டால்தான் கஷ்டம். உபரி வலந்தலை, அதாவது அந்த வலது பக்கத் தோல், பையில் இருக்கும், ஆனால் எருமைத்தோல் வாரை இழுத்துப் பிடிக்கிற பலம் வாசிக்கிறவன் கைக்கு வராது. அதனால் வாருக்குப் பதில் நட்டு போல்ட் வைத்ததையும் ஒன்று எடுத்துப் போகிறேன். நாதம் கொஞ்சம் குறைச்சல்தான் என்பது என் அபிப்பிராயம், ஸ்பானர் இருந்தால் நானே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

இதையெல்லாம்விட வாசிப்புக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதே பாடகர், அதே வயலின், ஏறக்குறைய அதே பாட்டுகள். இரண்டாவது வாரத்திலேயே பாடகர் எந்த இடத்தில் நிரவல் (ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடுவது) எடுப்பார் என்று தெரிந்துவிடும், கை தானாகப் போய்விடும். போன ஊரில் கைதட்டல் வாங்கிய கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கோர்த்த முடிப்பை, இந்த ஊர்க்காரர்கள் கேட்டதில்லையே என்று மனசு சமாதானம் சொல்லும். இதற்கு என் வைத்தியம், தாளவாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் என்ன நடை (தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையையும் எத்தனையாகப் பிரிப்பது என்ற கணக்கு) எடுக்கப்போகிறேன் என்பதை மேடைக்கு முன்னால் முடிவு செய்யாமல் இருப்பது. சில நாள் சறுக்கும். ஆனால் அங்கே கோவில் ஹாலில் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சறுக்கலும் தெரியும், மனப்பாடமும் தெரியும். தனி ஆரம்பித்தால் காபிக்கு எழுந்து போகிற நம்மூர்ப் பழக்கம் அவர்களிடம் இல்லை. அப்புறம் வந்து, “சார், அந்த மிஸ்ரத்தை ஏன் பாதியில விட்டீங்க?” என்று ஏழின் கணக்கான மிஸ்ர நடையைப் பற்றி நேராகவே கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது, பொன்னாடையைவிட.

சம்பளம் பற்றி ஒரு வரி: பேசுவது பாடகர், நமக்கு வருவது அதில் ஒரு பங்கு, கிளம்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊர் திரும்பியதும் நேராகப் போவது மிருதங்கத்துக்குத் தோல் மூட்டிச் சரிசெய்கிறவரிடம். எந்த ஊர் பேனரிலும் அவர் பெயர் இருக்காது. வலந்தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “ஹீட்டர் பக்கத்துல வெச்சீங்களா?” என்பார். நான் வைக்கவில்லை, வீட்டுக்காரர் வைத்தார் என்று சொன்னால் நம்பமாட்டார்.